இறுக்கி மூடவும்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குச் சீனி முகம்மது கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டால், மெக்கலம் தெரு பிளாட்டில் தனலெட்சுமிக்கு ஒரு மூடியைத் திறந்துகொடுக்க ஆள் கிடையாது. ஒரு மாடிக்குப் பதினாறு வீடு. அப்படியும் கிடையாது. இடப்பக்கத்துச் சீனக் கிழவருக்குக் காது கேட்காது. வலப்பக்கத்தில் ஆறு நேப்பாளிகள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலெல்லாம் உறக்கம். இரவு வேலை பார்த்தவனைப் பகலில் எழுப்ப முடியாது. கதவைத் தட்டினால் கனவுக்குள் யாரோ தட்டுவதாக நினைத்துப் புரண்டு படுப்பான். மற்ற வீடுகளின் இரும்புக் கதவுகளில் காலை ஏழு மணிக்கே பூட்டு தொங்கும்.

மற்ற ஆறு நாளும் சீனி முகம்மது இருந்தார். கீழ்த்தளத்தில் மீ கோரெங் சாப்பாட்டுக் கடை. ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக இரும்புச் சட்டியைத் தூக்கிப் புரட்டிய கை. சனிக்கிழமை காலையில் தனலெட்சுமி பதினான்காவது மாடியிலிருந்து பசார் பையில் போத்தல்களை அடுக்கிக்கொண்டு லிப்டில் இறங்குவாள்.

"வாங்கக்கா. இன்னிக்கி எத்தன தல?"

"நாலு. ஊறுகா, கிச்சாப்பு, நெய்யி, பிளாச்சான்."

"குடுங்க. கழுத்தத் திருகிருவோம்."

தோளில் கிடக்கும் துண்டை மூடிமேல் போட்டு ஒரு திருகு திருகுவார். டப்பென்று சத்தம் வரும். மறுபடி லேசாக, ஒரு விரலால் தள்ளினால் போதும் என்கிற அளவுக்கு மூடிக் கொடுப்பார். அவள் அவருக்கு எதுவும் கொடுத்ததில்லை. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் கொடுப்பாள். அந்த முறுக்கு டின்னின் மூடியையும் அவர்தான் திறந்துகொள்ள வேண்டும்.

அவளுக்கு அறுபத்தெட்டு. கடலுக்கு மறுகரையில், பிறையில் கார் வயர் கட்டும் லைனில் இருபத்தாறு வருடம் நின்றவள். விடியுமுன் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டும். ஒரு நாளைக்கு நானூறு கட்டு. ஒவ்வொரு கட்டையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுத்து இறுக்க வேண்டும். இப்போது இரண்டு கட்டைவிரலின் அடியிலும் எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. சாவி திருப்பும்போது வலிக்கும். துணி பிழியும்போது முழங்கை வரைக்கும் வலிக்கும். டாக்டர் தேய்மானம் என்றார். தொழிற்சாலை ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. அதன் கொக்கியையும் அவளால் இப்போது மாட்ட முடியவில்லை.

அவள் புருஷன் சின்னையாவுக்கு எழுபத்து மூன்று. மாக் மண்டின் பட்டறையில் தகடு அழுத்தும் மிஷினில் வலது கையின் மூன்று விரலை விட்டுவிட்டு வந்தவர். அதற்கு முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அந்த வீட்டில் அன்றிலிருந்து மூடி திறப்பவள் அவள்தான்.

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கைதான் தேறும்" என்பார் சின்னையா.

"அதுலயும் வெரலு குறையும்" என்பாள் அவள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு காலை, அவர் கோப்பியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். இருதய மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள். அது மிளகாய் விதைபோலச் சுருக்கென்று கடிக்கும். கடித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். இது அவருக்குப் பத்து வருடப் பழக்கம்.

"கடிக்குதா?"

"இல்ல."

இரண்டாவது வைத்தாள். அதுவும் கடிக்கவில்லை. சுண்ணாம்பைச் சப்புவதுபோல இருக்கிறது என்றார். அப்புறம் பேசவில்லை. வேர்வை சட்டையை நனைத்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் தப்பியது.

மாத்திரை ஏன் கடிக்கவில்லை என்பது ஐந்தாம் நாள் மருந்து கவுண்டரில் தெரிந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், பழைய மாத்திரையை எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். தனலெட்சுமி கைப்பையிலிருந்து இருமல் மிட்டாய் டின் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அழுத்தினால் திறக்கும் டின். போத்தல் மூடியைத் திருக முடியாததால், இரண்டு மாதத்துக்கு முன் சீனி முகம்மதிடம் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் அந்த டின்னில் கொட்டி வைத்திருந்தாள். அது ஒரு நல்ல யோசனை என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்தப் பெண் திட்டவில்லை. இந்த மருந்து காற்றில் செத்துவிடும் அம்மா என்றாள். சூடும் ஆகாது. அதற்கென்று வந்த கண்ணாடிப் போத்தலில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இறுக்கி மூட வேண்டும். 'கெத்தாட், கெத்தாட்', இறுக்கமாக, இறுக்கமாக என்று கையால் திருகிக் காட்டினாள். புதுப் போத்தலைத் தந்தாள். விரல் நீளம், பழுப்புக் கண்ணாடி. அதன் மேலும் இறுக்கி மூடவும் என்றுதான் எழுதியிருந்தது.

மகள் ரூபினி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கார் நிறுத்தும் இடத்துக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

"போதும்மா. நீங்க ரெண்டு பேரும் அக்கரைக்கி, பாகான் டாலாம் வந்துருங்க."

"உன் மாமியா வீட்டுக்கா?"

"என் வீட்டுக்கு."

"வீடு யாரு பேருல இருக்கு?"

"அம்மா, அப்பா சாகப் பாத்தாரும்மா. வீடு யாரு பேருலன்னு கேக்குற."

சம்மந்தி வீட்டில் போய்க் குந்துவது என்றால் என்ன என்று ரூபினிக்குத் தெரியாமல் இல்லை. அங்கே நல்லவர்கள்தான். பிரமிளா சம்மந்தி முகம் சுளிக்கமாட்டாள். சோறு போடுவாள், அறை கொடுப்பாள். அதுதான் கஷ்டம். கெட்டவர்கள் என்றால் சண்டை போட்டுவிட்டு வந்துவிடலாம்.

"ஒரு மூடி தொறக்க முடியல உன்னால" என்றாள் ரூபினி. "அத மறைச்சி வேற வச்சிருக்க. இன்னும் என்னென்ன மறைச்சிருக்கியோ."

"இது புது போத்தலு. தொறந்துருவேன்."

"சரி. ஞாயித்துக்கெழம வரேன். என் கண்ணு முன்னாடி தொறந்து காட்டு. தொறந்தா இங்கயே இருங்க. இல்லன்னா அடுத்த சனிக்கெழம உன் மருமகன் கோகிலன் கம்பெனி லோரிய எடுத்துட்டு வருவாரு. சாமான ஏத்திறலாம்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. பிறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவள், ஐந்து நாளாக வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவள். கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது. அலுத்துப்போனவர்கள் எதையும் பரீட்சை வைத்துத்தான் முடிவுசெய்வார்கள். அது சுலபம்.

வீடு திரும்பியதும் தனலெட்சுமி போத்தலோடு மல்லுக்கட்டினாள். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாள். ரப்பர் வளையம் சுற்றிப் பார்த்தாள். கதவிடுக்கில் மூடியைக் கொடுத்துத் திருகினாள். கதவின் பெயின்டுதான் உரிந்தது. ஊறுகாய் போத்தல் என்றால் உள்ளங்கை முழுவதையும் வைத்துத் திருகலாம். இதில் பிடிக்கவே இடமில்லை. இரண்டு விரல் நுனியால் திருக வேண்டும். அந்த இரண்டு விரலிலும்தான் பலம் இல்லை. சுடுதண்ணீரில் காட்டலாமா என்று நினைத்தாள். சூடு ஆகாது என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது.

சின்னையா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லால கடிச்சிப் பாரு."

"எந்தப் பல்லால?"

சனிக்கிழமை காலையில் கீழே போனாள்.

"இன்னிக்கி ஒரே தலயா?" என்றார் சீனி முகம்மது. வாங்கித் திருகினார். அந்தக் கைக்கே இரண்டு தடவை தேவைப்பட்டது. எழுத்தைப் படித்தார். "அக்கா, இத இறுக்கி வைக்கணும்னுல்ல போட்டிருக்கு?"

"ஒரு நாளைக்கித்தான் தம்பி. தளத்தியா மூடிக் குடுங்க. நாளைக்கி மக வரா."

"மக வந்தா?"

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே அடுப்பைத் தணித்தார். பிறகு போத்தலை லேசாக மூடிக் கொடுத்தார்.

"இது கள்ளத்தனம்லா, அக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

ஞாயிற்றுக்கிழமை ரூபினி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கடல் தெரியவில்லை. வராந்தாவிலிருந்து பார்த்தால் வழக்கமாக மறுகரையில் பிறை மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அன்றைக்கு அதுவும் இல்லை. தனலெட்சுமி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அப்பாவுக்குக் கருவாடு ஆகாது என்று ரூபினி கத்தினாள். இது உனக்கு, அவருக்கு ரசம் என்றாள் தனலெட்சுமி. சின்னையா ரசத்தைக் குடித்துக்கொண்டே கருவாட்டுச் சட்டியைப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்ததும் ரூபினி போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தொற."

சின்னையா டிவியில் சத்தத்தைக் கூட்டினார்.

தனலெட்சுமி போத்தலைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் சிரமப்படுவதுபோலக் காட்ட வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள். பல்லைக் கடித்தாள். திருகினாள். மூடி வந்தது. உள்ளே வெள்ளை மாத்திரைகள் பஞ்சுக்கு அடியில் கிடந்தன.

ரூபினி அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துப் புடைத்த எலும்பைத் தடவினாள்.

"வலிச்சிச்சா?"

"கொஞ்சம்."

"நான் அன்னிக்கி அப்பிடிப் பேசியிருக்கக்கூடாது. வேல டென்சன்ம்மா."

"பரவால்ல."

"இங்கயே இருங்க. நான் வாரா வாரம் வரேன்."

சொல்லிவிட்டு ரூபினி பஞ்சைச் சரியாக அமுக்கினாள். மூடியைப் போட்டாள். கெத்தாட் என்று அந்தப் பெண் காட்டியதை ஞாபகம் வைத்துக்கொண்டு, இடது கையால் போத்தலைப் பிடித்து வலது கையால் முழு பலத்தோடு திருகினாள். முப்பத்தெட்டு வயதுக் கை, தினமும் ஸ்குரூ முடுக்குகிற கை. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உரசுகிற சத்தம் தனலெட்சுமிக்குக் கேட்டது. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டாள்.

"இப்ப காத்து போவாது" என்றாள் ரூபினி.

அந்த வாரம் முழுக்க அந்தப் போத்தல் சாமி படத்துக்குக் கீழே நின்றது. தனலெட்சுமி அதற்கு முன்னால் இரண்டு விதமாக யோசித்தாள். சீனி முகம்மதிடம் கொடுத்துத் தளர்த்தி வைத்தால் மாத்திரை செத்துவிடும். இறுக்கமாகவே வைத்தால் திறக்க முடியாது. மூன்றாவது வழி எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியில் கீழே போய்க் கேட்டாள்.

"தம்பி, போத்தல் இறுக்கமாவே இருக்கட்டும். வலி வந்தா தூக்கிக்கிட்டு ஓடியாரேன். கடைய விட்டு எங்கயும் போவீங்களா?"

"எங்க போறேன். காலைல ஏழுலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும் இங்கதான். வெள்ளிக்கெழம மட்டும் பன்னெண்டரைக்குப் போயிட்டு ரெண்டரைக்கு வருவேன்."

"ராத்திரின்னா மாடியில ஆளுங்க இருப்பாங்க. அந்த ரெண்டு மணி நேரம்?"

"பன்னெண்டு மணிக்குக் கொண்டாங்க, தளத்தித் தரேன். ரெண்டரைக்குக் கொண்டாங்க, இறுக்கித் தரேன். ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் சாவாது."

மாத்திரையைத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வெயில் காலையிலிருந்தே காய்ந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தனலெட்சுமி போத்தலை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"எங்க?" என்றார் சின்னையா.

"சீனி தம்பிகிட்ட."

"உக்காரு."

"இன்னிக்கி வெள்ளிக்கெழமங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு வாரமா ஒண்ணும் இல்ல. கடையில உக்காந்து சாப்புடுறவன் எல்லாரும் பாக்குறான், சின்னையா பொண்டாட்டி மருந்து போத்தலத் தூக்கிக்கிட்டு வரா, போறான்னு. மாக் மண்டின்ல நூறு பேரு வேல பாத்த எடத்துல நான் போர்மேன். ஒரு நாளைக்கிப் போவாம இருந்தா செத்தாப் போயிருவேன்?"

"அப்பிடிப் பேசாதீங்க."

"உக்காருன்னா உக்காரு. சோத்தப் போடு."

அவள் கதவருகில் நின்றாள். நாற்பத்தாறு வருடமாக அந்தக் குரலுக்கு உட்கார்ந்து பழக்கம். போத்தலை மறுபடி சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். சோறு போட்டாள். முருங்கைக்கீரையும் பருப்பும்.

அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டார். பாதியில் கையை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

"தனம்."

அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

அவரைத் தரையிலேயே சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். போத்தலை எடுத்தாள். திருகினாள். முந்தானையை மூடிமேல் போட்டுத் திருகினாள். கட்டைவிரலிலிருந்து தோள் வரைக்கும் சூடாக ஏதோ ஓடியது. மூடி அசையவில்லை. ரூபினிக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் கிடக்கும். வெளியே ஓடி நேப்பாளிகளின் கதவைத் தட்டினாள். இரும்புக் கதவைப் பிடித்து ஆட்டினாள். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. சீனக் கிழவரின் வீட்டில் ஊதுபத்தி புகைந்தது, ஆள் வரவில்லை. வராந்தாவில் நின்று அங்கிள், அங்கிள் என்று அவரைக் கத்திக் கூப்பிட்டாள். பதினான்கு மாடிக்குக் கீழே கடையின் தகரக் கதவு மூடியிருந்தது.

திரும்பி வந்தபோது சின்னையாவின் உதடு வெளுத்திருந்தது. அவர் போத்தலைத் தன் இரண்டு விரல் கையால் முழங்காலுக்கு நடுவே வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். அது நழுவிக் கீரைத் தட்டில் விழுந்தது.

அவள் அதை எடுத்தாள். குசினிக்குப் போனாள். சம்பால் இடிக்கும் லெசோங் கல்லுரலில் போத்தலைப் போட்டு, மேலே துண்டை மூடி, குழவியை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள். குழவியைத் தூக்க விரல் தேவையில்லை, உள்ளங்கை போதும். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவதில் உடைந்தது.

கண்ணாடிக்குள் கையை விட்டாள். நல்லதாக ஒரு மாத்திரையைப் பொறுக்கினாள். முந்தானையில் துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கு நேரமில்லை என்று தெரிந்தும் பார்த்தாள். ஓடிப்போய் அவர் நாக்கைத் தூக்கி அடியில் வைத்தாள்.

"கடிக்குதா?"

அவர் கண்ணை மூடியிருந்தார்.

"கடிக்குதான்னு கேக்குறேன்!"

"கடிக்குது" என்றார். "சனியன், நல்லாக் கடிக்குது."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலாவது நிமிடத்தில் அவர் பெருமூச்சு விட்டார். வேர்வை நின்றது. அவர் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். ரத்தம் இல்லை. ரத்தம் அவள் கையில்தான் இருந்தது. அப்போதுதான் பார்த்தாள்.

"கையக் கழுவு" என்றார்.

கழுவிவிட்டு வந்தாள். அவர் கீரைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்.

"நான் உக்காரச் சொல்லியிருக்கக்கூடாது."

"ஆமா" என்றாள்.

கல்லுரலிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். தூளானது போக, கண்ணாடி ஒட்டியது போக, நாற்பதோ என்னவோ தேறியது. ஒரு பீங்கான் தட்டில் போட்டாள். கண்ணாடியைப் பழைய பேப்பரில் சுற்றினாள். கல்லுரலை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். இனிமேல் இதில் சம்பால் இடிக்கலாமா என்று யோசித்தாள். அப்புறம், இனிமேல் யார் இடிக்கப்போகிறார்கள் என்று தோன்றியது.

இரண்டரைக்குச் சீனி முகம்மது வந்திருப்பார். அவள் கீழே போகவில்லை.

மூன்று மணிக்கு ரூபினி கூப்பிட்டாள். பின்னால் கேன்டீன் சத்தம்.

"அம்மா, ஏழு மிஸ்ட் கால். என்னா ஆச்சி? அப்பா?"

"நல்லாருக்காரு. வலி வந்துச்சி. மாத்திர வச்சேன், கேட்டுருச்சி. படுத்துருக்காரு."

"கடவுளே. நல்லவேள நீ தொறந்த."

தனலெட்சுமி வராந்தாவில் நின்றிருந்தாள். வெயிலில் மறுகரை துல்லியமாகத் தெரிந்தது. புகைபோக்கி, கிரேன், அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கூரைகள். அதில் எதுவோ ஒன்று சம்மந்தி வீடு.

"தொறக்கல" என்றாள். "ஒடச்சேன்."

"என்னா?"

"போத்தல. லெசோங்ல போட்டு ஒடச்சேன்."

"ஞாயித்துக்கெழம தொறந்தியே. நான் பாத்தேனே."

"அது சீனி தம்பி தளத்திக் குடுத்தது."

கேன்டீன் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள். ரூபினி திட்டுவாள் என்று தனலெட்சுமி காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தானேம்மா இறுக்குனேன்" என்றாள் ரூபினி.

"உனக்குத் தெரியாதுல்ல."

"நீ சொல்லியிருக்கலாம்லம்மா."

"கோகிலன நாளைக்கி லோரி கொண்டாரச் சொல்லு. அலமாரி வேணாம். அங்க எடம் இருக்காது. கட்டிலு மட்டும்."

"நாளைக்கேவா?"

"நாளைக்கே."

உள்ளேயிருந்து சின்னையா ஏதோ சொன்னார். கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவள் இந்தத் தடவை உட்காரப்போவதில்லை.

"சரிம்மா. வேல முடிஞ்சி நான் நேரா அங்க வரேன்" என்றாள் ரூபினி. "மீதி மாத்திரய வேற போத்தல்ல போட்டு நல்லா இறுக்கி மூடி வையி. நான் வர வரைக்கும்."

தனலெட்சுமி உள்ளே பார்த்தாள். மேசைமேல் தட்டில் மாத்திரைகள் திறந்து கிடந்தன. அலமாரியில் காலி போத்தல்களுக்குக் குறைவில்லை. ஆனால் மூடியை இறுக்கவும் கை வேண்டும்.

"சரி" என்றாள்.